பேசாமல் விட்ட நிபந்தனைகள்

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் கூட்டாகத் தொழில் தொடங்குகிறவர்களும் ஆசி வாங்க வந்தால், 'விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்று சொல்லித் திருநீறு பூசி அனுப்புவது எங்களைப் போன்ற பெரியவர்களின் வழக்கம். நல்ல வார்த்தைதான். ஆனால் எதை விட்டுக்கொடுப்பது, யார் விட்டுக்கொடுப்பது என்பதை யாரும் சொல்வதில்லை. நான் ஒன்று சொல்வேன்: மனத்தில் இருக்கும் எதிர்பார்ப்பைச் சேரும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மலேசியா பிறந்த முதல் வருடத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1963 செப்டம்பர் 16 அன்று மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கும் ஒரே நாடாயின. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பிரகடனம் வாசிக்கப்பட்டது. சிங்கப்பூரில் அதை வாசித்த அதன் பிரதமர் லீ குவான் இயூவுக்கு அன்றைக்குத்தான் 40 வயது நிறைந்தது. கொடியில் 11 கோடுகள் 14 ஆயின. நட்சத்திரத்தின் முனைகளும் 14 ஆயின. மலாயாவின் பதினோரு மாநிலங்களோடு புதிதாக வந்த மூன்றுக்கும் ஆளுக்கொரு கோடு.

அவசரம் அதற்கு முன்பே தெரிந்தது. ஜூலை 9 அன்று லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குச் சற்று முன்னால், விட்டுப்போன சில நிபந்தனைகளை ரிட்ஸ் ஹோட்டலின் பழைய தபால் உறை ஒன்றின் பின்புறத்தில் எழுதி மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானிடம் கையெழுத்து வாங்கியதாக லீ தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். ஒப்பந்தத்தில் சில, உறையில் சில. மீதி எல்லாம் அவரவர் மனத்துக்குள் இருந்தன. வம்பு செய்தது அந்த மீதிதான்.

பிரகடனம் முடிந்து ஐந்தாம் நாள், செப்டம்பர் 21 அன்று, சிங்கப்பூரில் தேர்தல். துங்குவின் கூட்டணியோடு சேர்ந்த கட்சியும் அங்கே ஆள் நிறுத்தியது, ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. லீயின் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 37ஐப் பிடித்தது. 1964 ஏப்ரலில் மலாயாத் தீபகற்பத்தில் பொதுத் தேர்தல் வந்தபோது மக்கள் செயல் கட்சி அங்கே சில தொகுதிகளில் நின்றது. பங்சாரில் தேவன் நாயர் மட்டும் வென்றார். 104 இடங்களில் 89ஐக் கூட்டணியே எடுத்துக்கொண்டது. தோற்றவர்களைவிட வென்றவர்களுக்கே கோபம் அதிகம். 'எங்கள் பக்கம் தலையிட மாட்டார்கள் என்று நம்பினோமே' என்பது கோலாலம்பூரின் மனக்குறை. 'முதலில் எங்கள் தேர்தலுக்கு வந்தது யார்?' என்பது சிங்கப்பூரின் பதில். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுத்தில்தான் எதுவும் இல்லை.

பண விஷயத்தில் எழுத்து இருந்தது. சிங்கப்பூர் தன் வரி வருமானத்தில் 40 சதவீதத்தை மத்திய அரசுக்குக் கொடுப்பது, சபா, சரவாக் மாநிலங்களுக்கு 15 கோடி டாலர் கடன் தருவது, பதிலுக்குப் பொதுச் சந்தை அமைவது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் பொதுச் சந்தையை எவ்வளவு வேகமாகத் திறப்பது என்பதில் இழுபறி. 'படிப்படியாக' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு கணக்கு.

வெளிப்பகை வந்தால் வீட்டுக்குள் ஒற்றுமை வரும் என்பார்கள். இந்தோனேசியாவின் சுகர்னோ மலேசியாவையே ஏற்கவில்லை. 1964 ஆகஸ்ட் 17 அன்று அவருடைய ஆட்கள் ஜொகூரின் பொந்தியான் கரையில் வந்து இறங்கினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 21 அன்று, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய மலாய், சீனர் கலவரத்தில் சிங்கப்பூரில் 23 பேர் மாண்டிருந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் கலவரம். 13 பேர் போனார்கள். எதிரி கரையேறியும் ஒற்றுமை வரவில்லை.

இந்தக் கதையில் இன்னும் இருவரைக் கவனிக்க வேண்டும். புருணையும் பேச்சுக்கு வந்தது. எண்ணெய் வருமானம், சுல்தானின் அந்தஸ்து பற்றிக் கேட்டது, ஒத்துவரவில்லை, கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டது. சேராததால் பிரிகிற வலியும் அதற்கு வரவில்லை. சபா, 20 அம்சங்களைப் பட்டியல் போட்டுக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தது. அவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று இன்றும் வாதாடுகிறது. ஆனால் நாட்டுக்குள் இருந்தபடியே வாதாடுகிறது. கேட்டு ஒதுங்கினாலும் மரியாதை உண்டு, கேட்டுச் சேர்ந்தாலும் பிடிமானம் உண்டு.

பாதியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு சேர்ந்த சிங்கப்பூரோ 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தது. தலைவர்கள் சண்டையின் விலையைச் சாதாரண ஜனங்கள் கொடுத்தார்கள். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து அக்கா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் போய்வந்த குடும்பங்கள், 1967 முதல் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நின்றன.

ஆகையால் பிள்ளைகளே, சம்பந்தம் பேசும்போதும் கடைக்குப் பங்காளி சேர்க்கும்போதும் கூச்சப்படாதீர்கள். வரவு செலவு யார் கையில், பெற்றவர்களை யார் பார்த்துக்கொள்வது, ஒருவர் காரியத்தில் மற்றவர் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்டதால் முறிகிற உறவு முதலிலேயே முறியட்டும். 'அவர்களுக்கே தெரியாதா' என்று மட்டும் எதையும் விட்டுவிடாதீர்கள்.