எல்மினாவில் ஒரு செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை. கானா நாட்டு எல்மினாவில் இன்று வலை வீசக் கூடாது. கடல் தெய்வத்தின் நாள். பென்யா கழிமுகத்தில் வண்ணம் பூசிய நெடும்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒரு கிழவர் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசலைப் பின்னுகிறார். தலை நிமிரவில்லை. முதுகுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டை.

1482-இல் போர்த்துகீசியர், செதுக்கிய கல்லையும் மரத்தையும் கப்பலிலேயே ஏற்றி வந்து கட்டியது. ‘மினா’ என்றால் சுரங்கம். ஆனால் பொன் இங்கே வெட்டியெடுத்ததல்ல, உள்நாட்டிலிருந்து வந்தது. அதற்கு ஈடாகத் துணி கொடுத்தார்கள், பித்தளை கொடுத்தார்கள், பெனின் பக்கம் வாங்கிய அடிமைகளையும் கொடுத்தார்கள். 1637-இல் டச்சுக்காரர்கள் எதிர்க் குன்றில் பீரங்கியை ஏற்றிச் சுட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். அதன்பின் பொன்னைவிட ஆள் விற்பதில் லாபம் அதிகமாயிற்று. 1872-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

உள்ளே, பெண்களை அடைத்து வைத்த முற்றம். தரையில் ஓர் இரும்புக் குண்டு. இணங்காதவளை அதில் பிணைத்து வெயிலில் விடுவார்களாம். மேலே கவர்னரின் மாடி. அங்கே நின்றபடி முற்றத்தைப் பார்த்து ஒருத்தியைக் கைகாட்டுவாராம். வழிகாட்டி சொல்லி முடிக்கிறார். வந்தவர்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு பெண் குனிந்து குண்டைத் தொடுகிறாள். சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறாள். சுட்டிருக்கும்.

கடைசி அறை இருட்டு. கடல் பக்கச் சுவரில் ஒடுக்கமான ஒரு வாசல். ஒரு சமயத்தில் ஓர் ஆள்தான் நுழைய முடியும். கூட்டமாகத் திமிற முடியாது. அப்படிப் போனவர்கள் ஊர் திரும்பவில்லை.

வெளியே வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. புகையிட்ட மீன் நிறைந்த பேசினைத் தலையில் சுமந்து ஒருத்தி வருகிறாள். விலை சொல்கிறாள். வாங்க வந்தவர் குறைத்துக் கேட்கிறார். பதில் சொல்லாமல் நடக்கிறாள். அவர் கூப்பிடுகிறார். திரும்பி வந்து, சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டுப் போகிறாள்.



கிழவர் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். வலை தயார். நாளை புதன், படகுகள் கடலுக்குப் போகும். திரும்பியும் வரும்.