சபுராளிகளுடன் இரண்டு நாள்



நம் கடற்கரை ஊர்களில் ‘சபுராளி’ என்றொரு சொல் வழங்குகிறது. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தவர் என்பது அதன் பொருள். பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ எனும் அரபுச் சொல் நம் நாவில் ‘சபுர்’ ஆயிற்று. பொறுமையைக் குறிக்கும் ‘ஸப்ர்’ என்பதும் நம்மிடையே ‘சபுர்’ என்றே ஒலிக்கிறது. பயணமும் பொறுமையும் ஓரொலியில் கலந்தது பொருத்தமே. ஆயினும், பெயரிலேயே பயணத்தைச் சுமந்திருக்கும் அந்தச் சபுராளி, தாம் வாழும் நாட்டை எவ்வளவு பார்த்திருக்கிறார்? இவ்வினாவோடு ஓமான் நாட்டின் கடற்கரைச் சாலைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

மஸ்கட்டிலிருந்து தென்கிழக்கே சூர் துறைமுகம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வலப்புறம் ஹஜர் மலைத்தொடர், இடப்புறம் நீலக்கடல். சென்ற குளிர்காலத்தில் ஒரு வெள்ளி, சனிக்கிழமைகளில் என் இளமைக்கால நண்பர் நால்வருடன் இவ்வழியே சென்றுவந்தேன். ஒருவர் வாகன ஓட்டுநர், இருவர் மின்பணியாளர், நான்காமவர் மளிகைக் கடையில் பணிபுரிபவர். மஸ்கட்டில் பதினேழு ஆண்டுகளாக இருக்கும் அவர் சூரைக் கண்டதில்லை. அரசு அலுவலகங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. கடை ஊழியருக்கோ அது கனவு. ஒரு மாதம் கூடுதல் நேரம் உழைத்துத்தான் அச்சனிக்கிழமையை அவர் பெற்றிருந்தார்.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். ஓட்டுநர் நண்பரை எங்கள் அமீராக்கினோம். அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்தபோது உள்ளதையெல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதைப் பெருமானார் (ஸல்) பாராட்டிய செய்தி புகாரியில் உள்ளது. அவ்வழியில் ஆளுக்கு 6 ரியால் வீதம் 30 ரியாலை ஒரு பையிலிட்டு அமீரிடம் ஒப்படைத்தோம். ஊர்தி அவருடைய பழைய கார். அரிசி, வெங்காயம், பானை, பாய் எல்லாம் அறையிலிருந்தே ஏற்றிக்கொண்டோம்.

வெள்ளியன்று விடிந்தபின் புறப்படுபவர், வழியில் ஜும்ஆ கிடைக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஆகவே குரைய்யாத் எனும் மீனவ ஊரில் ஜும்ஆவை நிறைவேற்றினோம். ஓமானியருள் பலர் இபாழி மரபினர்; கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவர். எங்களுள் நெஞ்சுக்குக் கீழே கட்டும் ஷாஃபிஈகளும், தொப்புளுக்குக் கீழே கட்டும் ஹனஃபியும் இருந்தோம். வரிசை ஒன்றே, கிப்லா ஒன்றே. எங்களை ஏற இறங்கப் பார்த்தவர் எவருமிலர். சிறு வேறுபாடுகளுக்காகப் பள்ளிவாசலையே பிரித்துக்கொள்ளும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய காட்சி அது.

அங்கிருந்து சென்றால் ‘ஹவிய்யத் நஜ்ம்’ எனும் பெரும்பள்ளம். விண்மீன் விழுந்து உண்டானது என்பது ஊர்க்கதை. உண்மையில், சுண்ணாம்புப் பாறை நீரில் கரைந்து, மேற்கூரை இடிந்து விழுந்ததால் தோன்றிய குழி இது. படிகளில் இறங்கினால் பச்சை கலந்த நீலநிற நீர். நன்னீரும் கடல்நீரும் அதில் கலந்துள்ளன. நுழைவுக் கட்டணம் இல்லை. மளிகைக்கடை நண்பர் காலை நீரில் நனைத்தபடி நெடுநேரம் பேசாது அமர்ந்திருந்தார்.

இரவு ஃபின்ஸ் கடற்கரையில் தங்கினோம். விடுதிச் செலவில்லை, வெண்மணலே மெத்தை. இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதுவிட்டுச் சோறு பொங்கிக்கொண்டிருந்தபோது அந்நண்பரின் கைபேசி ஒலித்தது. வீட்டிலிருந்து மனைவி.

“மச்சான், எங்கே இருக்கீங்க? காத்துச் சத்தமாக் கேக்குதே?”

“கடை வாசல்லதான் நிக்கிறேன்.”

பேசி முடித்தவர் என்னை நோக்கினார். “ஹஜ்ரத், நான் சொன்னது பொய்தான். கடல் பாக்க வந்தேன்னு சொன்னா, காசைக் கரியாக்குறேன்னு நெனைப்பாங்களோன்னு பயமா இருக்கு” என்றார்.

நான் அவருக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினேன். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தோழர் ஒருவரிடம், அவருடைய உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது உரிமை உண்டெனப் பெருமானார் (ஸல்) உணர்த்தினார்கள். “உங்கள் உடலுக்கு அதன் உரிமையை இன்று கொடுத்தீர்கள், மனைவிக்கு உண்மையைக் கொடுங்கள்” என்றேன். அவர் மீண்டும் அழைத்தார். விவரத்தைச் சொன்னார். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு குரல் வந்தது:

“பதினேழு வருஷத்துல இப்பத்தான் போறீங்களா? போனைக் கடல் பக்கம் புடிங்க. புள்ளைங்க அலைச்சத்தம் கேக்கட்டும்.”

இருளில் கடலை நோக்கிக் கைபேசியை நீட்டியபடி அவர் நின்ற தோற்றம் இன்னும் என் கண்முன் உள்ளது.

மறுநாள் காலை திவீ ஊரின் அருகிலுள்ள வாதி ஷாபுக்குச் சென்றோம். மலைகளுக்கிடையே பேரீச்சையும் ஓடைநீரும் நிறைந்த பள்ளத்தாக்கு அது. ஓடையைப் படகில் கடக்க ஆளுக்கு 1 ரியால். வானம் கறுத்திருந்தால் இத்தகைய வாதிகளுக்குள் நுழையாதீர்கள். மலைமேல் பெய்த மழை, நொடிப்பொழுதில் வெள்ளமாய்ப் பாயும்.

சூருக்கு முன்னே உள்ளது கல்ஹாத். ஹுர்முஸ் அரசின் மாபெரும் துறைமுகமாய் விளங்கிய ஊர். 1508இல் போர்ச்சுகீசியர் இதனைச் சூறையாடினர். இன்று எஞ்சி நிற்பது பீபி மர்யம் பெயரால் வழங்கும் அடக்கத்தலக் கட்டடம் மட்டுமே. இப்பழநகரை 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தனர். நாங்கள் வெளியே நின்றே கண்டோம். 14ஆம் நூற்றாண்டில் சூரிலிருந்து கால்நடையாக, இந்தியர் ஒருவர் துணையுடன் இங்கே வந்த இப்னு பதூதா, பாதங்கள் வீங்கிய நிலையில் ஊரை அடைந்தார். இலைமேல் சுட்ட மீனை, இந்தியாவிலிருந்து வந்த அரிசிச் சோற்றுடன் இவ்வூரார் உண்டதை அவர் எழுதிவைத்துள்ளார். கல்ஹாத்திலிருந்து இந்தியாவுக்குக் குதிரைகள் சென்றதையும், அரபு நாட்டுக் கப்பல்கள் குதிரைகளோடு நம் காயல் துறையில் நின்றதையும் மார்கோ போலோ குறித்துள்ளார். முந்தைய நாள் இரவு, அதே கரையில் நாங்கள் உண்டதும் சுட்ட மீனும் இந்திய அரிசிச் சோறுமே! நம்மவருக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு எண்ணெய்க் காசோடு தொடங்கியதன்று.

சூரில் மலபார்த் தேக்கால் மரக்கலங்கள் கட்டிய பட்டறையைக் கண்டோம். 1951இல் இங்கே கட்டப்பட்டு, யமன் நாட்டாருக்குக் கைமாறிய ‘ஃபத்ஹுல் கைர்’ எனும் கலம் 1993இல் மீட்டு வாங்கப்பட்டு, கரையில் காட்சிக்கு நிற்கிறது. சூருக்கு அப்பால் ராஸுல் ஜின்ஸில் கடலாமைகள் முட்டையிட வரும். அங்கே கட்டணம் உண்டு. எங்கள் பை அதற்கு இடம் தரவில்லை. தான் பொரிந்து வெளிவந்த கரைக்கே ஆமை பல்லாண்டுகளுக்குப் பின்னும் திரும்பிவரும் என்று நான் விளக்க, “அதுக்கு விசாத் தொல்லை இல்லை” என்றார் மின்பணி நண்பர். எல்லோரும் சிரித்தோம், பிறகு யாரும் பேசவில்லை.

மஸ்கட் திரும்பியதும் அமீர் கணக்கு வாசித்தார். பெட்ரோல் 11 ரியால், படகு 5, மீனும் காய்கறியும் ரொட்டியும் 6, தேநீரும் தண்ணீரும் 3. ஆக 25. மிச்சம் ஆளுக்கு 1 ரியால் கைக்கு வந்தது. ஒருவருக்கான செலவு நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல்.

தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் வீட்டுச் சபுராளி அனுப்பும் பணம் வீடாகவும் நகையாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறுகிறது. அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக! ஆனால் அவருடைய இளமை திரும்ப அனுப்ப இயலாத தொகை. பணம் வந்ததா, எப்போது வரும் என்று கேட்கும் அதே வாயால், “விடுமுறைக்கு எங்கே போனீர்கள்?” என்றும் ஒருமுறை கேளுங்கள். அவர் எங்கும் போகவில்லை என்றால், போய்வரச் சொல்லுங்கள். நல்ல நண்பர் நால்வர், ஒரு பொதுப்பை, தொழுகைக்குத் தவறாத ஓர் அமீர், இவை போதும். அப்படி அவர் போகும் நாளில், இன்ஷா அல்லாஹ், அலையோசையை உங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள்.