மேலே பார்த்து நடப்போம்

துயரத்தின் காரணத்தைச் சொல்லி அழும் பாட்டு ஒரு வகை. காரணத்தை உள்ளே வைத்துக்கொண்டு அழும் பாட்டு மற்றொரு வகை. 1960களில் ஜப்பானிய மக்கள் பாடித் திரிந்த எத்தனையோ மெல்லிசைப் பாடல்களுள் உலகம் முழுவதும் சென்று சேர்ந்தது இரண்டாம் வகையைச் சார்ந்த ஒன்றே. 'உஏ ஓ முயித்தே அருகோ' என்பது அதன் பெயர். 'மேலே பார்த்து நடப்போம்' என்று அதற்குப் பொருள். மேலே ஏன் பார்க்க வேண்டும்? கண்ணில் நிறைந்து நிற்கும் நீர் கீழே சிந்திவிடாதிருக்க. இரவில் தனியே நடந்து செல்லும் ஒருவனின் நினைவுகளே பாட்டு முழுவதும். அவன் ஏன் அழுகிறான் என்பது இறுதிவரை சொல்லப்படுவதேயில்லை. இடையில் சொற்களும் நின்றுபோய், சீழ்க்கை ஒலி மட்டும் ஒலிக்கிறது. சொல்ல இயலாததைச் சீழ்க்கையிடம் விட்டுவிட்டான் போலும்!

இதனை எழுதியவர் ரொக்குசுகே எய். இசை அமைத்தவர் ஹச்சிதாய் நகமுரா. பாடியவர் கியூ சகமோதோ. இம்மூவர் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானிய மொழியில் 'ரொக்கு' என்றால் ஆறு, 'ஹச்சி' என்றால் எட்டு, 'கியூ' என்றால் ஒன்பது. ஆகவே 'ஆறு எட்டு ஒன்பது மூவர்' என்றே அந்நாட்டார் இவர்களைச் செல்லமாக அழைத்தனர். சகமோதோ தம் பெற்றோருக்கு ஒன்பதாவது பிள்ளை. பெயரும் அதனால் அமைந்ததே. 1961இல் இப்பாடலைப் பாடியபோது அவருக்கு வயது பத்தொன்பது. அமெரிக்க ராக் இசையில் ஊறிய அவர், ஒவ்வோர் அசையையும் உடைத்து, விக்கலெடுப்பவர் போல இழுத்துப் பாடினார். தாம் எழுதிய சொற்கள் இவ்வாறு சிதைவதைக் கேட்டுப் பாடலாசிரியர் எய் முதலில் முகம் சுளித்தார் என்பர். நமக்கோ, அந்த விக்கலில்தான் பாட்டின் உயிரே இருப்பதாகத் தோன்றுகிறது. அழுகையை அடக்குகிறவன் வேறு எப்படிப் பாடுவான்?

அழுகைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவோடு செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையைப் புதுப்பிக்க 1960இல் ஜப்பானிய அரசு முனைந்தது. போரின் அழிவைக் கண்ணால் கண்டிருந்த மக்கள் இலட்சக்கணக்கில் டோக்கியோ வீதிகளில் திரண்டு அதனை எதிர்த்தனர். ஜூன் திங்களில் பாராளுமன்றத்தின் முன் நடந்த மோதலில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். ஆயினும் உடன்படிக்கை நிறைவேறியது. அப்போராட்டங்களில் கலந்துகொண்ட எய், தோல்வியோடு வீடு திரும்பிய வேளையில் தம் நெஞ்சில் மூண்ட உணர்வையே பின்னர் இப்பாட்டாக வடித்தார் என்று கூறப்படுகிறது. ஆயின் பாட்டில் அரசியல் ஒரு சொல்லும் இல்லை. அவரவர் கண்ணீரை அவரவரே ஊற்றிக்கொள்ளும்படி ஒரு வெற்றுக் கிண்ணத்தைச் செய்து தந்துவிட்டார்.

ஊற்றிக்கொண்டவர்கள் யாவர்? அக்காலத்தில் ஜப்பானின் வடகிழக்கே உள்ள தொஹோக்கு நாட்டுப்புறங்களிலிருந்து, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள், சிறப்பு இரயில்களில் கூட்டங் கூட்டமாக டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டனர். உயெனோ நிலையத்தில் இறங்கிய அவர்களைத் தொழிற்சாலைக்காரர்களும் கடைக்காரர்களும் வந்து அழைத்துச் சென்றனர். மலிவான கூலிக்கு மாடாய் உழைத்த அப்பிள்ளைகளுக்கு நாடு சூட்டிய பெயர் 'பொன் முட்டைகள்'. முட்டையிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை அல்லவா? பகலில் உழைத்துவிட்டு இரவில் பள்ளிக்குச் சென்றவர்களும் அவர்களிடையே பலர். இரவுப் பள்ளி மாணவர்களைப் பற்றி 1960இல் மேடையேறிய ஓர் இசை நாடகத்துக்கும் எய் பாட்டெழுதினார். இரவின் விண்மீன்களை நிமிர்ந்து பார்க்கச் சொல்லும் அந்நாடகப் பாடலை 1963இல் சகமோதோவே பாடிப் புகழ்பெறச் செய்தார். அங்கும் நிமிர்ந்த முகமே. திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் வாசகர்களுக்கு இப்பாடல்களை விரித்துரைக்கத் தேவையில்லை.

பாட்டு கடல் கடந்த கதை விசித்திரமானது. இங்கிலாந்தில் ஒரு ஜாஸ் குழுவினர் இம்மெட்டை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டபோது, ஜப்பானியத் தலைப்பு நாவில் நுழையாது எனக் கருதி 'சுகியாகி' என்று பெயரிட்டனர். சுகியாகி என்பது மாட்டிறைச்சியும் காய்கறியும் சேர்த்துச் சமைக்கும் ஓர் உணவு. நம் வியாகுல மாதா புலம்பலுக்கு அயல்நாட்டார் எவரேனும் 'மீன் குழம்பு' எனப் பெயரிட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இதுவும். சகமோதோ பாடிய மூலப்பாடலும் அமெரிக்காவில் இப்பெயருடனேயே வெளிவந்தது. 1963 ஜூனில் அந்நாட்டின் 'பில்போர்டு' இசைத்தட்டு வரிசையில் மூன்று வாரங்கள் முதலிடம் பெற்றது. வேறெந்த ஜப்பானிய மொழிப் பாடலும் அவ்விடத்தை அதன்பின் எட்டியதில்லை. போர் முடிந்து பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வழியினரை முள்வேலி முகாம்களில் அடைத்து வைத்திருந்த அதே நாடு, பொருள் புரியாத அம்மொழியைக் கேட்டுக் கண் கலங்கியது. பின்னர் 1981இல் ஆங்கிலச் சொற்களோடு வந்த ஒரு பாடத்தில் இது காதல் பிரிவைக் கூறும் பாட்டாகிவிட்டது. காரணம் சொல்லப்பட்டதும் பாட்டு சற்றுச் சிறுத்துவிட்டது என்பது நம் எண்ணம்.

அந்த 1963 ஜூன் திருச்சபைக்கும் மறக்கவொண்ணாத மாதம். திருத்தந்தை புனித இருபத்துமூன்றாம் அருளப்பர் அம்மாதம் 3ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 21ஆம் நாள் புனித ஆறாம் சின்னப்பர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு, தாய்மொழி வழிபாட்டுக்கு வாயிலைத் திறந்தது. அதற்கு முன் நம் சிற்றூர்க் கோவில்களில் இலத்தீன் பாடல்களைப் பொருளறியாமலே உரக்கப் பாடிய தலைமுறை ஒன்று இருந்தது. நற்கருணை ஆசீரின்போது 'தாந்தும் எர்கோ' பாடிய பாட்டிமார்களை அறியாமையில் இருந்தவர்கள் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். புரிந்து பாடுவது மேலானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் புரியாத மொழியிலும் நெஞ்சு தன் சுமையை ஏற்றிக்கொள்ளும் என்பதற்கு அப்பாட்டிமார்களும் அந்த அமெரிக்கரும் சாட்சிகளன்றோ?

இங்கே ஒரு தடை எழலாம். கண்ணீரை அடக்குவது கிறிஸ்தவப் பண்பா? ஆண்டவர் இலாசரின் கல்லறையருகே மறைக்காமல் அழுதார். எருசலேமைக் கண்டு அழுதார். பேதுரு மனம் கசந்து அழுதார். 'கண்ணீர்க் கணவாய்' என்று இவ்வுலகை மன்றாட்டிலேயே பெயரிட்டு அழைப்பவர்கள் நாம். உண்மைதான். ஆனால் இப்பாட்டுக்காரன் அழவில்லை என்று நடிக்கவில்லை. அழுதுகொண்டே நடப்பதாகத் தானே ஒப்புக்கொள்கிறான். அவன் முகத்தை உயர்த்துவதில் நாம் குறைகாணவில்லை. நம்மை வருத்துவது வேறொன்று: அவன் தனியே நடக்கிறான். நம் ஊர்களில் சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். மார்த்தா மரியாவோடு சேர்ந்து அழ யூதர்கள் வந்தார்கள். உயெனோவில் இறங்கிய பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு தோள் இல்லை. வானொலிப் பெட்டியில் தன்னைப் போலவே அழும் ஒரு குரல் மட்டும் இருந்தது.

அக்குரல் 1985 ஆகஸ்டு 12 அன்று அடங்கியது. மூதாதையரை நினைவுகூரும் 'ஓபோன்' விழாவுக்கு மக்கள் ஊர் திரும்பும் வாரம் அது. டோக்கியோவிலிருந்து ஒசாகா சென்ற விமானம், முன்பு சரிவரச் செப்பனிடப்படாத பின்புறத் தடுப்புச் சுவர் உடைந்ததால் கட்டுப்பாட்டை இழந்து, அரைமணி நேரம் தடுமாறி மலைமேல் விழுந்தது. 524 பேரில் 520 பேர் மாண்டனர். பயணிகளுள் சிலர் அந்த அரைமணி நேரத்தில் கிடைத்த தாள்களில் தம் குடும்பத்தாருக்கு விடை கூறி எழுதி வைத்திருந்தனர். மனைவியையும் இரு மகள்களையும் விட்டு மறைந்த சகமோதோவுக்கு அன்று வயது 43.

2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தொஹோக்குக் கரையை அழித்தன. பொன் முட்டைகள் புறப்பட்டு வந்த அதே வட்டாரம். பாட்டைக் கேட்டு வளர்ந்த அப்பிள்ளைகள் அப்போது அறுபதைக் கடந்திருந்தனர். அவர்களுள் பலருடைய பிறந்த ஊர்கள் அந்தக் கரைகளில்தான் இருந்தன. அந்நாள்களில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் எழுபதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் தோன்றி இப்பாட்டையும் விண்மீன் பாட்டையும் பாடினர். ஆளுக்கு ஒரு சிறு பகுதி. ஒருவர் நிறுத்திய இடத்தில் அடுத்தவர் தொடங்கினார்.