ரதிக்குக் குரல் கொடுத்தவள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் பெரிய பாதை பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரியும். ஒன்று வளைந்து வளைந்து அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளைக்கும் பதுளைப் பக்கத்துக்கும் போகும். மற்றது கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். என் பிள்ளைப் பருவம் இந்த இரண்டு பாதைகளின் ஓரத்துத் தோட்டங்களில்தான் கழிந்தது. ஒரு லயத்து வரிசை வீட்டு வாசலில் நட்ட கறிவேப்பிலை தலையெடுக்குமுன் அடுத்த லயத்துக்குப் போய்விடுவோம்.

அப்பா தப்பு அடிப்பவர், காமன் கூத்துக்கு வாத்தியார். கூலி அவருக்குக் கவ்வாத்திலும் முள்ளுக்குத்திலும் கிடைத்தது, பெயர் தப்பில் கிடைத்தது. புதுத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கக் காம்பரா கேட்டுப் போகும்போது அவர் கவ்வாத்துக் கத்தியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. "காமன் பழக்குவாரா? அப்ப வரச் சொல்லுங்க" என்று தலைவர்மார் கணக்கப்பிள்ளையிடம் சிபாரிசு பண்ணுவார்கள். விடியுமுன் பெரட்டுத் தப்பு அடித்து லயத்தை எழுப்புகிற வேலையும் அதோடு வந்து சேரும்.

இடம் மாறும்போது முதலில் கட்டப்படுவது தப்புத்தான். வீட்டிலிருந்த நல்ல கம்பளி அதற்கு. எங்களுக்குப் படங்குச் சாக்கு. சின்ன வயதில் எனக்கு அதில் கோபம் இருந்தது. ஆனால் அந்தத் தோல் படும் பாட்டைக் கிட்டயிருந்து பார்த்த பிறகு கோபம் போய்விட்டது. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பின்னேரம் மூன்று மணிக்கே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி லயத்துக்குள் புகுந்துவிடும். தோல் நனைந்து தொய்ந்து, அடித்தால் சத்தம் எழும்பாது. கொழுந்துச் சருகையும் பழைய பேப்பரையும் கொளுத்தி அப்பா காய்ச்சிக்கொண்டே இருப்பார். ஒரு கையில் தப்பைச் சுழற்றிக்கொண்டு மறு கை விரலால் தட்டித் தட்டிக் கேட்பார். கீழே கொஸ்லந்தப் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. அங்கே வெயில், ஒரு தரம் காய்ச்சினால் பாதி இராத்திரி தாங்கும். அதனால் அப்பாவுக்குக் கீழ்த் தோட்டங்கள் பிடிக்கும். அம்மாவுக்கு மேல் தோட்டங்கள். மேலே கொழுந்து நிறையும், நாட்கூலிப் பேர் குறையாமல் விழும் என்பாள்.

தப்புக்கு இருந்த மரியாதை தப்படித்தவருக்கு இருக்கவில்லை. சாவு வீட்டில் தப்பு இல்லாமல் பாடை எழும்பாது, ஆனால் அப்பாவுக்குத் தேத்தண்ணி வாசலுக்கு வெளியே, தனிக் கோப்பையில் வரும். அதே ஆட்கள் மாசியில் காமன் ஊன்றியதும் "வாத்தியாரே" என்று வந்து நிற்பார்கள். அந்தப் பதினைந்து நாளுக்காகத்தான் அப்பா மிச்ச நாட்களைச் சகித்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். அது அநியாயம் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

காமன் கூத்து எங்கள் மலையில் மாசி அமாவாசை கழித்துத் தொடங்கிப் பௌர்ணமியில் தகனத்தோடு முடியும். மன்மதன், ரதி, தூதன், வீரபத்திரன், எமன் என்று வேசங்கள். எல்லாம் ஆண்கள்தான், ரதியும் ஆண்தான். ஒத்திகை எங்கள் காம்பரா முன்னால் நடக்கும். மலையிலிருந்து அம்மா வருவதற்கும் அவர்கள் வந்து குந்துவதற்கும் சரியாக இருக்கும். கூடையை இறக்கி, தம்பிக்குப் பால் கொடுத்து, அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டே அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். பாட்டு அப்பாவின் கொப்பியில் இருந்தது. மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் இடம் வந்தால் அப்பாவுக்கு மெட்டு வசப்படாது. ரதி வேசம் கட்டும் மாமாவும் வார்த்தையை ஒப்பிப்பார். ஒரு நாள் அம்மா ரொட்டிக்கு மா பிசைந்த கையோடு வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, புருசன் செத்தவ இப்பிடியா அழுவா?"

அங்கேயே நிலையைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பாடிக் காட்டினாள். எங்கே மூச்சு விட வேண்டும், எந்த இடத்தில் குரலை உடைக்க வேண்டும், எந்தச் சொல்லை விழுங்க வேண்டும் என்று ரதி மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து புலம்பல் பகுதிக்கு வாத்தியார் அம்மாதான். வெளியில் யாருக்கும் தெரியாது.

அவள் அதை எங்கே கற்றாள்? இடம் மாறியதில் கற்றாள். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு லயத்தில், சேலத்தார் இன்னொன்றில், புதுக்கோட்டைக்காரர் வேறொன்றில். ஒவ்வொரு லயத்திலும் தாலாட்டு ஒரு மாதிரி, ஒப்பாரி ஒரு மாதிரி. புது மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரைக்காரி முனகுவதை அம்மா காதில் வாங்கிவிடுவாள். இராத்திரி தம்பியை ஆட்டும்போது அது வெளியில் வரும். அப்பா கலையைப் பிடித்தார், அம்மா குடும்பத்தைப் பிடித்தாள் என்றுதான் உறவுக்காரர் சொல்வார்கள். அம்மா இரண்டையும் பிடித்தாள். அதுவும் ஆணைவிடக் குறைந்த நாட்கூலிக்கு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வந்ததே 1984இல்தான்.

அம்மாயி ஒரு கதை சொல்வார். கோ. நடேசய்யர் தொழிலாளருக்காகக் கூட்டம் போட்ட காலத்தில், அவர் மனைவி மீனாட்சியம்மாள் மேடையில் நின்று பாடுவாராம். தொழிலாளியின் துயரத்தைத் தெரிந்த மெட்டில் பாட்டாகக் கட்டி, ஊர் ஊராகப் போய், அச்சிட்டும் கொடுத்தார். "பொம்பள மேடையில பாடுனா, ஆம்பளைங்க வாயப் பொத்திக்கிட்டுக் கேட்டானுங்க" என்று அம்மாயி சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். மீனாட்சியம்மாள் பெயர் அச்சில் நின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைப் பாடியவர்களுக்கோ பெயர் இல்லை. அவர்களில் யாரோ ஒருத்தி எங்கள் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நின்றிருக்கலாம்.

1973, 74இல் பஞ்சம். மா இல்லை, அரிசி இல்லை, வாரத்தில் வேலை நாளும் குறைந்தது. வேலை இருக்கும் இடத்தைத் தேடி மேலும் கீழும் அலைந்தோம். தப்பின் கம்பளியை விற்கும்படி ஒருவர் கேட்டார். அப்பா மௌனமாக இருந்தார். அம்மா தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்து அந்தப் பேச்சை முடித்தாள்.

கூத்தைக் குலைத்தது பஞ்சம் அல்ல, இந்தியாவுக்குப் போன கப்பல். 1964 அக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியா போக வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. எங்கள் குழுவும் அந்தக் கணக்கில் பிரிந்தது. தூதன் போனார், எமன் போனார். கடைசியில் ரதி மாமாவுக்கும் கடுதாசி வந்தது. அப்புத்தளை ஸ்டேசனுக்கு எல்லோரும் போனோம். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். மாமா ஜன்னலில் தலையை வைத்து அழுதார், அழுகை அம்மா சொல்லிக்கொடுத்த அதே இழுவையில் வந்தது. அம்மா பிளாட்பாரத்தில் நின்று பதில் பாடினாள். கோச்சி நகர்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

அடுத்த மாசிக்கு ரதி இல்லை. அண்ணனுக்கு வேசம் கட்டினார்கள். பன்னிரண்டு வயது, பார்க்க அழகு, பாட்டு வராது. தகனத்து இராத்திரி தப்புக்காரர்களுக்குப் பின்னால் ஒரு படங்கைக் கட்டி அம்மாவை உட்கார வைத்தார் அப்பா. பொம்பளை பாடினால் காமனுக்குக் கட்டிய காப்புக்குக் குற்றம் என்று ஒரு பெரியவர் எழும்பினார். அப்பா தப்பைக் கீழே வைத்துவிட்டார். வைத்தால் கூத்து இல்லை என்பது அவருக்கும் தெரியும், பெரியவருக்கும் தெரியும். பெரியவர் உட்கார்ந்தார்.

நான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு படங்குக்கு உள்பக்கம் இருந்தேன். மன்மதன் எரிந்தான். அண்ணன் முழங்காலில் விழுந்து கையை விரித்தான். அம்மா தொடங்கினாள். அடி நடுவில் தம்பி சிணுங்க, பாடிக்கொண்டே கையை நீட்டி வாங்கி முந்தானைக்குள் விட்டாள். ஒரு எழுத்துக் குறையவில்லை. முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக அழத் தொடங்கினார்கள். கோச்சியில் ஏற்றிவிட்டவர்களை நினைத்து அழுதார்கள் என்று நினைக்கிறேன். அப்பா அன்றைக்கு அடித்த அடி மிகவும் மெதுவானது. அம்மாவின் மூச்சுக்கு இடம் விட்டு விட்டு அடித்தார்.

அந்த வருசமே மறுபடி மாறினோம், இந்தத் தரம் ஹாலி எலப் பக்கம். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்துகொண்டிருந்த நேரம், யார் எங்கே இருப்பார்கள் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. புதுத் தோட்டத்துத் தலைவர் வந்து காம்பராவைத் திறந்துவிட்டார். கூரைத் தகரத்தில் ஓட்டை, தண்ணிப் பீலி தூரம். அப்பா மூட்டையை இறக்கப் போனார். அம்மா தம்பியை இடுப்பில் மாற்றிக்கொண்டு தலைவரைப் பார்த்துக் கேட்டாள்:

"அதெல்லாம் இருக்கட்டுங்க. இங்க காமன் ஊனுவீங்களா? ரதிக்கு நான் பாடுவேன், அதுக்குச் சம்மதமுன்னா மூட்டைய இறக்குறோம்."