சில்லறை விஷயம்

அமெரிக்காவுக்குப் படிக்க வந்த புதிதில் டைம் என்கிற பத்து சென்ட் நாணயத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஐந்து சென்ட்டை விடச் சின்னதாக இருக்கும். எங்கள் குடியிருப்பின் துணி துவைக்கும் மிஷின் குவார்ட்டரைத் தவிர வேறெதையும் வாங்காது. எனவே டைம் எல்லாம் ஒரு ஜாம் பாட்டிலுக்குள் போய்ச் சேரும்.

போன மாதக் கடைசியில் கையில் சுத்தமாகக் காசில்லை. பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒன்று மட்டும் கணீரென்று விழுந்தது. விளிம்பில் செம்புக் கோடு இல்லை. 1964! அந்த வருட நாணயம் வரை 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் செம்பும் நிக்கலும்தான். பசி மறந்து மீதியையும் கிளற ஆரம்பித்தேன்.

முக்கியமாகத் தேட வேண்டியது 1982. பிலடெல்பியா நாணயச் சாலையில் அந்த வருடம் ஏதோ ஓர் அச்சில் 'பி' எழுத்தைப் பதிக்க மறந்துவிட்டார்கள். வருடத்துக்கு மேலே 'பி' இல்லாத அந்த டைமுக்குச் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். 1996-இல் 'டபிள்யூ' இருந்தாலும் விடாதீர்கள். வெஸ்ட் பாயிண்டில் அடித்து, சேகரிப்பவர்களுக்கான செட்டில் மட்டுமே வந்தது அது. யாராவது செட்டைப் பிரித்துச் செலவழித்தால்தான் உண்டு.

நம்ப மாட்டீர்கள், எனக்கு ஒரு 1982 கிடைத்தது. 'பி' இல்லை! நண்பனிடம் வாங்கிய கடனை மனதுக்குள்ளேயே அடைத்துவிட்டேன். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தால், மங்கலாக ஒரு 'பி'. அச்சில் அழுக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். முழுசாக இல்லாமல் இருந்தால்தான் மதிப்பு.

அந்த 1982-ஐயும் சேர்த்துக் கொடுத்துத்தான் அன்று ரொட்டி வாங்கினேன். 1964 வெள்ளி விலைக்கே பல மடங்கு பெறும். ஆனாலும் கொடுக்க மனசு வரவில்லை. பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. கடன்தான் இன்னும் அடைபடவில்லை!