மலையும் பெயரும்

தமிழில் மலையைப் பற்றி வந்த புதுக்கவிதைகளில் ஒரு இருபதை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். எல்லாவற்றிலும் பனி இருக்கும், பள்ளத்தாக்கு இருக்கும், ஒற்றை மரமோ ஒற்றைப் பறவையோ இருக்கும். எந்த மலை என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. கொல்லி மலையா, கொடைக்கானலா, நீலகிரியா என்று வாசகன் கேட்க இடமில்லை. கேட்டால் அவன் ரசனையில் ஏதோ குறை என்றாகிவிடும். இது தற்செயலா, அல்லது நம் கவிதையில் ஊறிப்போன ஒரு கூச்சமா என்பது வெகு நாட்களாக எனக்குள் இருக்கும் சந்தேகம். போன ஜூலையில் நாங்கள் நான்கு பேர் நீலகிரிப் பக்கம் மூன்று நாள் காரில் சுற்றினோம். அதில் இந்தச் சந்தேகம் கொஞ்சம் ஸ்தூலமான உருவம் பெற்றது.

கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் லவ்டேல் போய்ச் சேரவே இரண்டாம் நாள் மத்தியானம் ஆயிற்று. கார் ஓட்டிய நண்பர் ஓவியர். அவருடைய பழைய அம்பாசிடருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கல்லூரியில் மொழியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற இன்னொரு நண்பருக்கு, டீக்கடையைக் கண்டால் இறங்கியே ஆகவேண்டும். நான்காமவர் கவிஞர். பெயரைச் சொன்னால் இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் விடுவது நான் இங்கே எழுதப்போவதற்கு முரண்தான் என்றாலும், அவர் கேட்டுக்கொண்டபடி விட்டுவிடுகிறேன்.

சீசன் முடிந்த மாதம். சாலையில் வண்டிகள் குறைவு. 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். கல்லாரில் அதைக் காட்டிவிட்டு ஏறினோம். பர்லியாரில் மங்குஸ்தான் வாங்கி, சாலையோரச் சுவரில் உட்கார்ந்து தின்றோம். எங்கோ கீழே ரயில் பாதை இருந்தது. மொழியியல் நண்பர் நிலையங்களின் பெயர்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்: கல்லார், அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், அங்கிருந்து ஊட்டி வரை 1908இலும் போட்ட பாதை. மொத்தம் 46 கிலோமீட்டர். அதற்குள் ஒரு பெயர் நம்முடையது, அடுத்தது அவர்களுடையது என்று மாறி மாறி வருகின்றன.

ரன்னிமேடு என்ற பெயரில் அவருக்குத் தனி ருசி. 1215இல் இங்கிலாந்து அரசன் ஜான் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரை வைத்த புல்வெளிக்கு ரன்னிமீட் என்று பெயர். அது இங்கே ஒரு நிலையத்தின் பெயராக வந்து, தமிழ்ப் பலகையில் ரன்னிமேடு ஆகிவிட்டது. வெள்ளைக்காரனின் புல்வெளி நம் வாயில் மேடாகிப் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த இடத்தைப் பார்த்தால் மேடு என்றுதான் தோன்றும்.

எல்லாப் பெயர்களுக்கும் இப்படி நல்ல கதி கிடைப்பதில்லை. தோடர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். அப்படிப்பட்ட ஒரு மந்தின் பெயர் ஆங்கிலேயர் வாயில் ஊட்டக்கமண்ட் ஆகி, சோம்பேறித்தனத்தில் ஊட்டி ஆகி, பிறகு அரசாங்கக் காகிதத்தில் உதகமண்டலம் ஆயிற்று. இப்போது அதைப் பார்க்கிறவன் உதகம் என்றால் நீர் என்று வடமொழிப் பொருள் சொல்லித் திருப்தி அடைந்துவிடலாம். மந்து எங்கோ மண்டலத்துக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. கோத்தகிரியிலும் கோத்தர்களின் கேரி, அதாவது தெரு, மலையாகிவிட்டது. கோத்தர்கள் மண்பானை செய்தவர்கள், இரும்பு அடித்தவர்கள், இசைக்காரர்கள். அவர்களுடைய தெரு கிரியான பிறகு, அந்த ஊரில் அவர்கள் இருந்ததை நினைக்க எவனும் கட்டாயப்படவில்லை.

முதல் இரவு குன்னூரில் தங்கினோம். மறுநாள் காலை அருவங்காடு வழியாக மெதுவாகப் போனோம். அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெடிமருந்து செய்கிறார்கள். எல்லநள்ளியில் 1949இல் வந்த ஊசித் தொழிற்சாலை. சங்கு ஊதி ஷிப்டு மாறும் மலை இது. நம் கவிதையின் மலையில் வெடிமருந்தும் இல்லை, ஊசியும் இல்லை என்று ஓவியர் சொன்னார். கவிஞர் சிரித்துக்கொண்டே, 'உங்க ஓவியத்துல இருக்கா?' என்று கேட்டார். 'இல்ல. நானும் அதே பனியத்தான் வரையறேன்' என்றார் அவர்.

கேத்தி நிலையத்தில் இறங்கினோம். இரண்டு இளைஞர்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1982இல் வந்த மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சி எடுக்கப்பட்ட இடம். அந்தப் படத்தை நானும் மூன்று முறை பார்த்திருக்கிறேன். எந்த ஊர் நிலையம் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. சினிமாவின் மலைக்கும் பெயர் வேண்டியதில்லை. ஊட்டி என்று பொதுவாக ஒன்று இருந்தால் போதும். மரமும் மூட்டமும் கதாநாயகனின் துக்கத்துக்குப் பின்திரையாகிவிடும். நிலையத்துக்கு அப்பால் சரிவில் கேரட்டும் பூண்டும் போட்ட படிக்கட்டு நிலங்கள். அவற்றுக்கு மேலே வரிசையாக ஓட்டு வீடுகள் கொண்ட படகர் ஹட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அதிகரட்டி, தும்மனட்டி, ஜெகதளா, தூனேரி, பேரகணி, இத்தலார், நஞ்சநாடு என்று நீலகிரி முழுக்க இந்தப் பெயர்கள் பரவிக் கிடக்கின்றன. பஸ் போர்டில் மட்டும் வாசிக்கிறோம். ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித் தேன் 1963இல் படகர் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு நாவலானது. உரைநடைக்கு இந்தத் தெம்பு அப்போதே இருந்தது.

லவ்டேல் நிலையத்தில் நாங்கள் போனபோது ஆள் இல்லை. ஒரு நாய் மட்டும் பெஞ்சுக்கடியில். சுற்றிலும் யூகலிப்டஸ், அதுவும் விறகுக்காகக் கடல் கடந்து வந்த மரம்தான். சற்றுத் தள்ளி லாரன்ஸ் பள்ளி. 1857இல் லக்னோவில் இறந்த ஹென்றி லாரன்ஸின் பெயரில், சிப்பாய்களின் அநாதைக் குழந்தைகளுக்காக 1858இல் தொடங்கப்பட்டது. இன்று வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் படிக்கும் இடம். கவிஞர் லவ்டேலைக் 'காதல் பள்ளத்தாக்கு' என்று மொழிபெயர்த்துப் பார்த்தார். உடனே அது சினிமாப் பாட்டாகிவிட்டது. லவ்டேல் என்றே சொன்னால் ஒரு தபாலாபீஸ், ஒரு பள்ளிக்கூடம், அநாதைகள், ஈர பெஞ்சு எல்லாம் அதில் இருக்கின்றன.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஏழு வரியில் ஒரு கவிதை எழுதினார். நல்ல கவிதை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிலையம், பனி, வராத ரயில், காத்திருப்பதை மறந்த ஒருவன். லவ்டேல் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன்.

'பேரு வந்தா கவிதை அங்கேயே நின்னுடும். அகப்பாட்டுல தலைவனுக்கும் தலைவிக்கும் பேரு உண்டா? அதனாலதான் ரெண்டாயிரம் வருஷம் கழிச்சும் அது உங்களுது, என்னுது. லவ்டேல்னு போட்டா டூரிஸ்ட் எழுதினதாயிடும்.'

லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. குறிஞ்சி என்பது ஒரு மலையின் பெயர் அன்று, ஒரு மனநிலையின் பெயர். யாருடைய கூடலுக்கும் அந்த மலை பொருந்தும். ஆனால் குறிஞ்சி பாடுவதில் பேர்பெற்ற கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். வெறும் பூ என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தக் கபிலரே புறநானூற்றில், பாரி மாண்டபின், பறம்பைத் திரும்பிப் பார்த்து, பறம்பே என்று பெயர் சொல்லி விடைபெறுகிறார். மலை கையில் இருக்கும்போது அது பொதுவாக இருக்கலாம். பறிபோகும்போது பெயர் சொல்லாமல் முடிவதில்லை.

மொழியியல் நண்பர் அதுவரை பேசவில்லை. பிறகு எமனோவைப் பற்றிச் சொன்னார். எம்.பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி இந்த மலை மொழிகளை ஆராய்ந்தவர். அவர் சேகரித்த தோடர் பாட்டுகள் 1971இல் புத்தகமாக வந்தன. தோடர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்கள், தமிழுக்கு நெருங்கிய உறவுள்ள மொழி, எழுத்து இல்லை. அவர்களுடைய பாட்டின் உறுப்பு ஒரு ஜோடி. ஒரு சொற்றொடர் வந்தால் அதற்கு இணையான இன்னொன்று கூடவே வரும். இடங்கள், எருமைகள், பால்மனைகள், குலங்கள் எல்லாவற்றுக்கும் பாட்டில் வழங்குவதற்கென்று இப்படி இணைப் பெயர்கள் உண்டு. சாவுக்கும் கல்யாணத்துக்கும் பாடுகிறவர் அங்கேயே புதிதாகக் கட்டிப் பாடுவார். பெயரைக் கேட்டால் கேட்கிறவருக்கு இடம் தெரியும், இடம் தெரிந்தால் ஆள் தெரியும்.

'நாம வந்து பனியத் தவிர ஒண்ணும் இல்லேன்னு நினைக்கிற இந்தச் சரிவுல, ஒவ்வொரு ஓடைக்கும் பாட்டுல ரெண்டு பேரு இருக்கு' என்றார்.

கவிஞர் நோட்டை மூடிவிட்டார். 'அது அவங்க மலை. எனக்கு அந்தப் பேரச் சொல்ல என்ன உரிமை?' என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் கூச்சத்தில் நேர்மை இருந்தது. ஆனால் உரிமை இல்லை என்பதற்காகப் பெயரை விட்டுவிட்டு மலையை மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி நியாயமாகும்?

மூன்றாம் நாள் கோத்தகிரி வழியாக இறங்கினோம். ஊருக்கு முன்பே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் தகரம் வேய்ந்த ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் பேச்சில் வேறு ஒரு சாயல். மொழியியல் நண்பர் கேட்டேவிட்டார்.

'நாங்க சிலோன் ஆளுங்க சார். தலவாக்கலைப் பக்கம். எனக்குப் பத்து வயசுல வந்தோம். தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப், அப்புறம் இங்க.'

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கு என்று எழுதியது. 1974இல் இன்னும் 75,000 சேர்ந்தது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தரவே தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது, டான்டீ என்கிறார்கள். இவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பார்த்தே இராத இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று அந்தப் பெயரை வைத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவர் வெந்நீரில் தம்ளர்களை அலசியபடி சொல்லிக்கொண்டே போனார். அட்டன், பொகவந்தலாவை, பண்டாரவளை, பதுளை. ஒவ்வொன்றிலும் ஒரு மாமன், ஒரு அத்தை, ஒரு சாவு. 'தோட்டத்துக்குத் தொரை வச்ச பேரு ஒண்ணு இருக்கும். நாங்க கூப்பிடறது வேற ஒண்ணு. எங்க பேரச் சொன்னாத்தான் எங்க ஆளுக்குத் தெரியும். எங்க வீடு நாலாம் நம்பர் லயம்.'

லயம் என்ற சொல்லைக் கேட்டதும் கவிஞர் நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் எத்தனை வருஷமாக எழுதியும் பேசியும் வந்த சொல். அங்கே அது பத்தடி அறைகள் வரிசையாக ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு. ஆங்கில லைன், உழைக்கிறவர்கள் வாயில் லயம் ஆகியிருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவர் எங்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். கோயம்புத்தூர் என்றோம். 'அது இருக்கற ஊரு. சொந்த ஊரு?' ஆளுக்கு ஒன்று சொன்னோம். உங்களுக்கு என்று ஓவியர் திருப்பிக் கேட்டார்.

'எங்க அப்பா துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாரு. அவரும் பார்த்ததில்ல. அவங்க அப்பா சொன்னது.' கொஞ்சம் நிறுத்தி, 'எனக்குக் கேட்டா தலவாக்கலைன்னுதான் வாயில வருது' என்றார்.

பெயர்கள் வெறும் தகவல் என்று நினைக்கிறவர்கள் இந்த மாதிரி ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசினால் போதும். அவருக்கு அந்த மலையில் மிச்சமிருப்பது பெயர் ஒன்றுதான். நிலம் இல்லை, லயம் இல்லை, கப்பலும் 1984க்குப் பிறகு இல்லை. மலையைப் பார்க்கப் போகிற நாமோ பெயரை உதறிவிட்டு மலையை அனுபவிக்கிறோம். இதைக் கவிதையின் தூய்மை என்று சொல்லிக்கொள்வதும் சாத்தியம். எனக்கு அது வசதியுள்ளவனின் மறதியாகப் படுகிறது. ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டால் கவிதை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெயர் போட்ட மோசமான கவிதைகளை வேண்டிய மட்டும் காட்டமுடியும். ஆனால் பெயரைத் தாங்கமுடியாத படிமம், மனிதனையும் தாங்கப்போவதில்லை.

கவிஞர் அந்த ஏழு வரியை இன்னும் எங்கும் அனுப்பவில்லை. போன வாரம் பார்த்தபோது, தலைப்பு வைக்காமல் விட்டதாகச் சொன்னார். லவ்டேல் என்று வைப்பதா என்று கேட்டேன். தலவாக்கலையிலும் ரயில் நிலையம் உண்டா என்று என்னைக் கேட்டார். உண்டு என்றேன்.