சங்கீத வித்வத் சபைக்குச் செல்லுமுன்

கண்கொண்டு கற்பது கல்வி. செவிகொண்டு கற்பது கேள்வி. வள்ளுவனார் இவ்விரண்டிற்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்தமை யாவரும் அறிந்ததே. எனினும், கல்லூரியிற் பயிலும் நம்மனோர் கண்ணுக்குத் தரும் பயிற்சியில் நூறிலொரு பங்கேனும் செவிக்குத் தருகின்றோமா? இக்குறையைச் சிறிதேனும் நீக்கிக்கொள்ள விரும்பி, வரும் மார்கழி விடுமுறையிற் சென்னை சென்று, மியூசிக் அகாதெமி என வழங்கும் சங்கீத வித்வத் சபையின் இசைவிழாவைக் கேட்டு வருவதென விடுதி மாணவராகிய யாம் எண்மர் தீர்மானித்தோம். அதற்கென யாம் வகுத்த திட்டமும், இடையே எழுந்ததோர் ஐயமும் இவ்விதழன்பர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதலுற்றோம்.

ஓரிடத்திற்குச் செல்வோர் அதன் வரலாறறிந்து செல்லல் முறை. 1927 டிசம்பரில் சென்னையிற் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனோடு ஓர் இசை மாநாடும் நிகழ்ந்தது. அம்மாநாட்டின் விருப்பத்தால் தோன்றியதே இச்சபை. 1928 ஆகஸ்டு 18ஆம் நாள் எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. மண்டபத்தில் சர் சி. பி. இராமசாமி ஐயர் அதனைத் தொடங்கி வைத்தார். தனக்கென ஓர் இல்லமின்றி நெடுங்காலம் விழா நடத்திய சபைக்கு 1955இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1962இல் இன்றைய பெருமண்டபம் திறக்கப்பெற்றது. டி. டி. கிருஷ்ணமாசாரியார் பெயர் தாங்கிய அம்மண்டபத்தில் ஆயிரத்தைந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் ஒருங்கிருந்து கேட்கலாம்.

நெல்லைச் சீமையினராகிய எமக்கு மற்றொரு செய்தியும் மகிழ்வூட்டியது. சபை தோன்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகட்கு முன்னரே, 1912 முதல், தஞ்சையில் இசைவாணரைக் கூட்டி மாநாடுகள் நடத்தியவர் ஆபிரகாம் பண்டிதர். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட அவர், தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையிற் பிறந்தவர். ஆதலின், இசையாராய்ச்சி எமக்கு அயலூர்ச் சரக்கன்று என்னும் துணிவு பிறந்தது.

இனித் திட்டத்தைக் கூறுவாம். இசைவிழா டிசம்பர் நடுவிற் தொடங்கி ஜனவரி முதல்நாள் நிறைவுறும். நாட்டிய விழா அதன்பின் ஜனவரி முதல் வாரத்தில் வரும். கிறிஸ்து பிறப்புத் திருநாளை இல்லத்தாரோடு கொண்டாடிவிட்டு, 26ஆம் நாள் இரவு நெல்லையிற் புகைவண்டி ஏறுவதென முடிவாயிற்று. ஏறத்தாழ 650 கிலோமீட்டர் கடந்து மறுநாட்காலை எழும்பூரை அடைவோம். தங்குவதற்கு எம்முள் ஒருவருடைய மாமா தம் வீட்டு மாடியை உவந்தளித்தார். மார்கழிப் பனிக்குப் போர்வை கொணர்க என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை.

பொருட்செலவே முதலில் எம்மை மலைக்கச் செய்தது. மாலையிலும் இரவிலும் முதுபெரும் வித்துவான்கள் பாடும் கச்சேரிகட்கு நுழைவுச் சீட்டு வேண்டும். ஆயின், விசாரித்தறிந்தபோது மலைப்பு பெரிதும் நீங்கிற்று. காலையில் இசைப்புலவர்கள் பாடியும் விளக்கியும் நிகழ்த்தும் சொற்பொழிவுகட்கும், நண்பகலில் இளங்கலைஞர் நிகழ்த்தும் கச்சேரிகட்கும் கட்டணமின்றியே அனுமதி தரும் வழக்கம் அங்குண்டு. ஆகவே காலையும் நண்பகலும் செலவின்றிக் கேட்பது, இரவுக் கச்சேரி ஒன்றிற்கு மட்டும் மாடியிருக்கைச் சீட்டு வாங்குவது, ஒரே நாளில் நான்கு கச்சேரி கேட்டுச் செவியைச் சலிப்பிக்காதிருப்பது என வரையறுத்தோம். மறுநாள் மாலையை, 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கத்தின் இராஜா அண்ணாமலை மன்றத்திற்கென ஒதுக்கினோம். தெலுங்கும் வடமொழியுமான கிருதிகளைச் சபையிற் கேட்டபின், தமிழ்ப் பாடல்களையும் அவற்றிற்குரிய அரங்கிற் கேட்டல் தகுமன்றோ?

இவ்வாறு யாவும் இனிதே முடிந்த வேளையில், எண்மருள் ஒருவர் தாம் வரவில்லை எனக் கூறினார். அவர் தவில் வாசிப்பவர் ஒருவரின் மகன். காரணம் வினவியபோது, "திருமண வீட்டில் என் தந்தையார் தவிலைக் கேட்போர் யார்? 'கெட்டிமேளம்' என்று ஒருவர் கையசைக்கும்போது மட்டுமே அவரை நினைக்கின்றனர். அத்தகையவர் மகன் அப்பெருமண்டபத்தில் எவ்விடத்து அமர்வது?" என்றார்.

யாம் விடைதேடி அச்சபையின் விருதுப் பட்டியலைப் புரட்டினோம். அது வழங்கும் 'சங்கீத கலாநிதி' பட்டத்தை 1968இல் முதன்முதல் பெற்ற பெண்மணி எம். எஸ். சுப்புலட்சுமி; 1998இல் நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா பெற்றார்; 2009இல் தவில் வித்துவான் வலயப்பட்டி ஏ. ஆர். சுப்பிரமணியம் பெற்றார். இதனைக் காட்டியபோது நண்பர் முகம் மலர்ந்தது. ஆயினும் சிறிதுநேரம் கழித்து, "பட்டத்தின் பெருமையை உணர்ந்தேன். அம்மண்டபத்தில் விழாநாளெல்லாம் தவில் ஒலிக்கின்றதா?" என்றார். அக்கேள்வி நேரியது. நிரலிற் பெரும்பகுதி வாய்ப்பாட்டிற்கும் வீணை, வயலின், குழல் முதலியவற்றிற்குமே உரியது. நாகசுரத்திற்கும் தவிலுக்கும் வாய்ப்பது சிறுபங்கே. ஆதலின் யாம் வகுத்த நாட்களைச் சிறிது தளர்த்தினோம். நிரல் வெளிவந்ததும், விடுமுறையுள் நாகசுரக் கச்சேரி ஒன்று அமையுமாயின் அந்நாளையே எமது முதல்நாளாகக் கொள்வதென உறுதி செய்தோம். நண்பரும் இசைந்தார்.

அவர் இசைந்ததனால் எமக்கு விளைந்த நன்மை பெரிது. இரவுணவிற்குப்பின் அரைமணி நேரம் அவரே எமக்கு ஆசிரியரானார். தாளம் அறியாதவன் கச்சேரி கேட்டல், எண்ணறியாதவன் சந்தைக்குப் போதல் போன்றதென்பார். ஒரு தட்டும் மூன்று விரலெண்ணிக்கையுமாக நான்கு, தட்டும் வீச்சுமாக இரண்டு, மீண்டும் அங்ஙனமே இரண்டு, ஆக எட்டென ஆதிதாளத்தை எம் தொடைகள் சிவக்கும்வரை பயிற்றினார். இராகங்களில் மூன்றே போதுமெனக் கொண்டோம். ஐந்தே சுரங்களால் இயங்கும் மோகனம் முதலாவது. சங்கராபரணமும் கல்யாணியும் ஏனையிரண்டு. இவை தம்முள் மத்திமம் ஒன்றாலேயே வேறுபடுவன. கைப்பேசியில் இவற்றை மாறிமாறிக் கேட்டு இனங்காணப் பழகினோம். பத்து நாள்வரை எல்லாம் ஒன்றுபோலவே ஒலித்தன. பதினோராம் நாள் எம்முள் இருவர் கல்யாணியைத் தாமே கண்டுகொண்டனர். அவ்விரவு விடுதியில் எழுந்த ஆரவாரம் காவலரை எழுப்பியது!

நண்பர் எம்மிடம் வேண்டிய குருதட்சிணை ஒன்றே. கச்சேரியிற் பெரிய கிருதி பாடி முடிந்தபின், பாடகர் ஒதுங்கியிருக்க, மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் தனித்து முழங்கும், அதுவே தனியாவர்த்தனம். அவ்வேளையில் அவையோர் பலர் எழுந்து சிற்றுண்டிச் சாலையை நோக்கி நடத்தல் சென்னைச் சபைகளில் நெடுங்காலமாகக் காணும் வழக்கு. "நீங்கள் எழுவரும் அப்போது எழாதிருங்கள். இருந்த இடத்திலிருந்து தாளம் போடுங்கள். எனக்கு அதுவே போதும்" என்றார். யாம் அனைவரும் வாக்களித்தோம்.

கலைமன்றம் கல்லாலும் மரத்தாலும் மட்டும் ஆவதன்று; அமர்ந்து கேட்போர் பொறுமையாலும் ஆவது. மேடையில் விரல் தேய வாசிப்பவன் முதலில் நோக்குவது தன் எதிரே நிறைந்திருக்கும் இருக்கைகளையே; பட்டமும் பரிசும் அதற்குப் பின்னரே. சீட்டுப் பெறுதலும் வண்டியேறுதலும் பயணத்தின் எளிய பகுதி. செவியை ஆயத்தம் செய்தலும், எவர் கலையையும் சிறிதென எண்ணாது இருந்து கேட்கும் உள்ளத்தைப் பெறுதலுமே அரிய பகுதி. அன்புடைய மாணவ நண்பர்காள்! நீவிரும் ஒருமுறை சென்று வம்மின். செல்லுமுன் எட்டுவரை எண்ணப் பழகுமின். தனியாவர்த்தனம் தொடங்குங்கால் இருக்கையை விட்டு எழாதிருமின்.